வரப்போரக் கதிர்

இந்தக் கதையை எனக்கு முதலில் சொன்னது ஞானசெல்வம் அக்கா. விதைப்பண்ணையில் என்னோடு கலவன் எடுத்தவள். கலவன் எடுப்பதென்றால், ஒரே ரகமாக நிற்கிற பயிருக்குள் புகுந்து, அதில் சேராமல் நிற்கிற செடியைப் பார்த்துப் பிடுங்கிப் போடுவது. என் சின்னவன் பத்தாவதில் பெயிலான வருஷம், மார்கழி மாதம். அன்று காலையில் அவனை ஒரு சொல் சொல்லிவிட்டு வேலைக்கு வந்திருந்தேன். சொல்லியிருக்கக் கூடாத சொல்.

அக்கா என் முகத்தைப் பார்த்தாள். என்ன ஏது என்று கேட்கவில்லை. மத்தியானம் கஞ்சித் தூக்கைத் திறந்து வைத்துக்கொண்டு இதைச் சொன்னாள். ஆண்டவன் புண்ணியத்தில் என் சின்னவனுக்கே இன்றைக்குப் பிள்ளைகள் இருக்கிறார்கள். அக்காதான் இல்லை. அவள் சொன்னபடியே சொல்கிறேன்.

*

"தாயே, கெட்ட விதையை நல்ல விதையாக்க வழி இருக்கா?"

பிச்சையா இப்படித்தான் கேட்டார்.

கேட்டது மடத்தம்மாவிடம். ஊசிப்பாறை அடிவாரத்தில் ஓலை வேய்ந்த ஒரு மடம். மடத்தைச் சுற்றி நாலு ஏக்கர் சோளக்காடு. மடத்தம்மாவுக்கு நாற்பது வயதிருக்கும். பிச்சையாவுக்கு அறுபது. ஆனாலும் அந்த அம்மா குரு, இவர் சீடர். ஆறு வருஷமாக வெள்ளிக்கிழமை தவறாமல் வருவார். உழுவார், களை வெட்டுவார், பொழுது சாய்ந்ததும் திருநீறு வாங்கிக்கொண்டு போவார்.

மடத்தம்மா சுளகில் சோளம் புடைத்துக்கொண்டிருந்தார்.

"எந்த விதை அண்ணாச்சி?"

"எனக்குப் பொறந்த விதைதான். சின்னவன் கொம்பையா."

"என்ன செஞ்சான்?"

"ஒண்ணும் செய்யலையே! அதானே என் வயித்தெரிச்சல்."

சுளகு நின்றது. பிச்சையா கொட்டித் தீர்த்தார்.

அவருக்கு இரண்டு பிள்ளைகள், இரண்டு காடுகள். வீட்டுக்குக் கிழக்கே கிணற்றுத் தோட்டம். அதை மூத்தவன் ஆவுடை பார்க்கிறான். மேற்கே களர்க்காடு. மழை விட்டு வெயில் அடித்தால் சுண்ணாம்பு தெளித்த மாதிரி உப்புப் பூக்கிற நிலம். அதைக் கொம்பையா பார்க்கிறான்.

"ஒரே குலுக்கையில இருந்துதான் ரெண்டு பேருக்கும் விதைச்சோளம் அள்ளிக் கொடுக்கேன் தாயே. ஒரே மழைதான் பெய்யுது. மூத்தவன் இருபது மூட்டை கொண்டாந்து இறக்குதான். இவன் ஆறு மூட்டைய தூக்கிட்டு வாரான். ஒரு வருஷமில்ல, மூணு வருஷம் பாத்தாச்சு. வரப்புல நின்னு பாக்கும்போதே எனக்குக் கொதிச்சிட்டு வரும். அங்கன நின்னே ரெண்டு ஏசு ஏசிட்டு வந்துருவேன்."

"அவன் என்ன சொல்லுவான்?"

"என்ன சொல்லுவான்? குனிஞ்ச தலை நிமிராம மண்ணைக் கொத்திட்டு இருப்பான். சவலை."

தாய்ப்பால் பாதியில் நின்று, மெலிந்து, வளராமல் போன பிள்ளையைத்தான் எங்கள் பக்கம் சவலை என்போம். வளராத பயிருக்கும் அதே பேர்தான்.

"மாசி பொறந்ததும் ரெண்டு காட்டையும் மூத்தவன் பேருக்கே எழுதிரலாம்னு இருக்கேன். சின்னவன் லாரிக்குக் கிளீனராப் போவட்டும். பத்திரத்துக்குன்னு புது வேட்டிகூட எடுத்தாச்சு. என் வீட்டுக்காரிதான் மூணு நாளா என்கூடப் பேச மாட்டேங்கா. நீங்க ஒரு வாக்குச் சொல்லி நெத்தியில பூசி விட்டுட்டா முடிஞ்சுது."

மடத்தம்மா திருநீற்றுத் தட்டைப் பார்க்கவில்லை. வானத்தைப் பார்த்தார். பிறகு காட்டைப் பார்த்தார்.

"அறுப்பு நெருங்கிட்டு அண்ணாச்சி. விதைக்கதிர் கட்டணும். இந்தத் தடவை நீங்க மூணு கட்டுங்க. நான் மூணு கட்டுதேன்."

"அப்புறம்?"

"அப்புறம் பூசிக்கலாம்."

*

அந்த மடத்தில் ஒரு வழக்கம். அறுப்புக்கு முன்னாலேயே, நிற்கிற பயிரில் விதைக்கென்று கதிர் பார்த்து அடையாளம் கட்டிவிடுவார்கள். உடுத்தியிருக்கிற துணியில் கிழித்துத்தான் கட்ட வேண்டும். கட்டியதை அவிழ்க்கக் கூடாது. சுற்றி இருக்கிற ஏழு ஊருக்கும் அந்தக் காட்டு விதைதான் போகும்.

பிச்சையாவுக்குப் பெருமை தாளவில்லை. ஆறு வருஷத்தில் அவர் கையில் இந்த வேலை வந்தது இதுதான் முதல் தடவை. சிவப்புக் கரை போட்ட வேட்டியில் மூன்று நாடா கிழித்தார். வெற்றிலை ஒன்று மெல்லுகிற நேரத்தில் மூன்றையும் கட்டிவிட்டு வந்துவிட்டார்.

ஒன்று கிணற்று வாய்க்கால் வரப்பில். மற்ற இரண்டும் எருக்குழி ஓரத்தில். கதிரா அவை? பச்சைப் பிள்ளைத் தலை பருமன். கழுத்து ஒடியும்போல் தலை குனிந்து நின்றன.

மடத்தம்மா தன் வெள்ளைச் சேலை முந்தியில் மூன்று நாடா கிழித்துக்கொண்டு காட்டுக்குள் இறங்கினார். ஆள் உயரச் சோளம். ஆள் மறைந்துபோனார். தாள் சரசரக்கிற சத்தம் மட்டும் இங்கே கேட்டது, அங்கே கேட்டது. உச்சி வெயிலில் இறங்கியவர் வெயில் தாழ்ந்த பிறகுதான் வெளியே வந்தார். கையெல்லாம் சோளத்தாள் கீறல்.

"எங்க தாயே கட்டுனீங்க?"

"போய்ப் பாருங்க."

பிச்சையா போனார். இரண்டு கதிர் நட்ட நடுக்காட்டில், நாலு பக்கமும் மற்றப் பயிர் நெருக்கிக்கொண்டு நிற்கிற இடத்தில். சுமாரான கதிர்கள். மூன்றாவதைத் தேடிக் கண்டுபிடிக்க நேரமாயிற்று. தென்மேற்கு மூலையில் மடத்துக் காட்டிலும் ஒரு துண்டு களர் உண்டு. அங்கே ஒரு செடி. இடுப்பு உயரம். கதிர் ஒரு கைப்பிடி. அதன் கழுத்தில் வெள்ளை நாடா.

சிரிப்பை அடக்கமாட்டாமல் திரும்பி வந்தார்.

"தாயே, மூணாவது ஒண்ணு கட்டியிருக்கீங்களே. அது சவலைல்லா?"

"ஆமா. சவலைதான்."

"அதைப் போயா விதைக்குக் கட்டுனீங்க?"

"கட்டியாச்சே அண்ணாச்சி. அவுக்கக் கூடாதே."

*

அறுப்பு முடிந்தது. ஆறு கதிரையும் தனித்தனியாகத் தட்டி ஆறு கலயத்தில் போட்டார் மடத்தம்மா. ஒவ்வொரு நாடாவிலும் முடிச்சுப் போட்டு அதனதன் கலயத்தில் வைத்தார். சிவப்புக் கரை நாடாவில், கட்டிய வரிசைப்படி, ஒரு முடிச்சு, இரண்டு முடிச்சு, மூன்று முடிச்சு. வெள்ளை நாடாவிலும் அப்படியே. சவலைக்கு விழுந்தது வெள்ளையில் மூன்று முடிச்சு.

பிச்சையா நெற்றியைக் காட்டினார்.

"விதைச்சு எடுத்துருவோம் அண்ணாச்சி. அப்புறம் பூசுதேன்."

"விதைச்சா? அடுத்த தை ஆயிருமே தாயே! ஒரு வருஷமா?"

"சோளத்துக்கு நாலு மாசந்தான். மீதி மழைக்கு."

பிச்சையா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். இரண்டு வெள்ளி வரவில்லை. மூன்றாம் வெள்ளி வந்தார். புது வேட்டி மடிப்புக் கலையாமல் வீட்டுப் பெட்டிக்குள் போனது.

ஐப்பசியில் மழை இறங்கியது. மடத்தம்மா ஆறு கலயத்தையும் வெளியே எடுத்தார். ஒவ்வொரு கலயத்திலும் பாதியைக் கிணற்றடி நிலத்திலும் பாதியைக் களர்த் துண்டிலும் போட வேண்டும் என்றார். அங்கே ஆறு வரிசை, இங்கே ஆறு வரிசை.

"எந்த வரிசையில எது தாயே?"

"நீங்க போய்க் குடத்துல தண்ணி கொண்டாங்க."

தண்ணீர் கொண்டு வருவதற்குள் விதைத்து முடித்திருந்தார். ஒவ்வொரு வரிசைத் தலைப்பிலும் ஒரு ஓட்டுச்சில்லு கவிழ்ந்து கிடந்தது. நாடா அதற்கடியில். பாதிக் கலயம் பாதி நாடா என்று, ஒவ்வொரு நாடாவையும் நீளவாக்கில் இரண்டாகக் கிழித்து, முடிச்சும் போட்டு, இரண்டு இடத்திலும் புதைத்துவிட்டார்.

அதோடு விடவில்லை. அந்த வரிசைகளைச் சுற்றி நாலு பக்கமும் சும்மாச் சோளம் இரண்டு சால் போடச் சொன்னார்.

"இது எதுக்கு வெட்டியா?"

"ஓரத்துல நிக்கிறவனுக்கு வெயில் கூடக் கிடைக்கும். வேர் ஓட இடம் கிடைக்கும். இதுல யாரும் ஓரத்துல நிக்க வேண்டாம்."

பிச்சையா ஏரைத் திருப்பினார். வாய்க்கால் வரப்பும் எருக்குழியும் ஒரு கணம் அவர் மனசில் வந்தன. வந்த வேகத்தில் போய்விட்டன.

*

பயிர் முழங்கால் உயரம் வந்தது. பிச்சையாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. களர்த் துண்டில் இரண்டாம் வரிசை கொஞ்சம் தெம்பாக நின்றது. நம்ம கதிர்தான், நம்ம வாய்க்கால் வரப்புக் கதிரேதான் என்று அவருக்குப் பட்டுவிட்டது.

ஒரு வெள்ளிக்கிழமை, மடத்தம்மா பூசையில் உட்கார்ந்திருக்கிற நேரம். ஒரு குடம் நல்ல தண்ணீரைத் தூக்கிக்கொண்டு பூனை மாதிரிப் போய், அந்த ஒரு வரிசைக்கு மட்டும் ஊற்றினார்.

"அண்ணாச்சி."

குடம் கையிலிருந்து நழுவப் பார்த்தது.

"ஊத்துனா பன்னிரண்டுக்கும் ஊத்திருங்க."

அன்றைக்குப் பிச்சையா தோளில் துண்டைச் சும்மாடாக வைத்துக்கொண்டு, முதல் குடத்தோடு சேர்த்துப் பதினோரு குடம் சுமந்தார். மடத்தம்மாவும் கூடவே நடந்தார். ஒரு வார்த்தை ஏசவில்லை. கடைசிக் குடத்தை மட்டும் அந்த அம்மாவே வாங்கிச் சுமந்தார்.

*

தை பிறந்தது. கதிர் முற்றியது. பிச்சையா ஒரு வெள்ளிக்கிழமை வந்தார். வரும் திங்களுக்குப் பத்திர ஆபீசில் நாள் குறித்துவிட்டிருந்தார்.

"சில்லைத் தொடாம சொல்லுங்க அண்ணாச்சி. கிணத்தடியில எது முதல்?"

இதில் பிச்சையாவை யாரும் ஏமாற்ற முடியாது. ஐம்பது வருஷமாகக் கதிர் பார்க்கிற கண். ஒவ்வொரு வரிசையாக நடந்தார். கதிரைத் தூக்கிப் பார்த்தார். மணியை நகத்தால் கிள்ளினார்.

"அஞ்சாவது முதல். ரெண்டாவது அடுத்தது. நாலாவது ஆகாது."

"தோண்டுங்க."

ஐந்தாவதில் சிவப்புக் கரை, இரண்டு முடிச்சு.

"பாத்தீங்களா! எருக்குழிக் கதிர்! நான் கட்டுனது!"

பிச்சையாவுக்குக் குதிக்காத குறை. மடத்தம்மாவும் சிரித்தார். "நல்ல கதிர் அண்ணாச்சி. நல்லாப் பாத்துத்தான் கட்டியிருக்கீங்க."

இரண்டாவதைத் தோண்டினார். வெள்ளை. மூன்று முடிச்சு.

பிச்சையா முடிச்சை மறுபடியும் எண்ணினார்.

"இது அந்த..."

"ஆமா."

ஆகாது என்ற நாலாவதைத் தோண்டினார். அதுவும் வெள்ளை. ஒரு முடிச்சு.

"இது யார் கட்டுனது?"

"நாந்தான். நடுக்காட்டுக் கதிர். நானும் தப்பாப் பாத்திருக்கேன் பாருங்க." அந்த அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

களருக்குப் போனார்கள்.

அங்கே நடக்க வேண்டிய தேவையே இல்லை. மூன்று வரிசை முட்டிக்கு மேலே வரவில்லை. ஒரு வரிசை நன்றாக உயர்ந்து, கதிர் தள்ளி, உள்ளே மணி பிடிக்காமல் பதராய் நின்றது. இன்னொன்று பரவாயில்லை. ஆறாவது வரிசை மட்டும், உயரம் கம்மிதான், ஆனால் ஒவ்வொரு கதிரும் கழுத்து வரைக்கும் மணி.

பிச்சையா பதர் நின்ற வரிசையை முதலில் தோண்டினார். அதுதான் அவர் குடம் தண்ணீர் ஊற்றிய இரண்டாம் வரிசை. சிவப்புக் கரை, ஒரு முடிச்சு. பிள்ளைத் தலை மாதிரி இருந்த வாய்க்கால் வரப்புக் கதிர்.

ஆறாவதைத் தோண்டாமலே நின்றார்.

"தோண்டுங்க அண்ணாச்சி."

"வேண்டாம் தாயே. தெரியுது."

"கண்ணால பாத்துருங்க."

தோண்டினார். மூன்று முடிச்சு. மண்ணில் கிடந்து அந்த வெள்ளை நாடா பழுப்பாகியிருந்தது.

நாடாவில் ஒட்டிய மண்ணை விரலால் தட்டிவிட்டார்.

"கட்டும்போதே உங்களுக்குத் தெரியுமா தாயே?"

"எப்படித் தெரியும்? கதிர் வாயைத் திறந்து சொல்லவா செய்யும்?"

"பின்ன ஏன் அதைக் கட்டுனீங்க?"

"சுத்தி நின்னதெல்லாம் கருகிக் கிடந்துச்சு. இது நின்னுட்டு இருந்துச்சு."

மடத்தம்மா பிச்சையாவின் துண்டை வாங்கி விரித்தார். ஒரு முனையில் எருக்குழிக் கதிரின் வம்சத்தில் ஒரு பிடி கொட்டி முடிந்தார். மறு முனையில் சவலையின் வம்சத்தில் ஒரு பிடி கொட்டி முடிந்தார்.

"இது கிணத்தடிக்கு. இது களருக்கு. மாத்திப் போட்டுராதீங்க."

பிறகு திருநீற்றுத் தட்டை எடுத்து வந்தார். ஒரு வருஷத்துக்கு முன் கேட்டது. கட்டை விரலைத் தட்டில் தொட்டுக்கொண்டு, பூசாமல் நின்றார்.

"சின்னவன் காடு இந்த வருஷம் எப்படி இருக்கு அண்ணாச்சி?"

"எப்பவும் போலத்தான் தாயே. நேத்துக்கூட வரப்புல நின்னு பாத்துட்டுத்தான் வந்தேன்."

"வரப்புல நின்னா?"

அவ்வளவுதான் கேட்டார். நெற்றி நிறையப் பூசிவிட்டார்.

*

திங்கட்கிழமை காலை. பிச்சையா பெட்டியைத் திறந்து புது வேட்டியை எடுத்துக் கட்டிக்கொண்டார். வீட்டுக்காரி அடுப்பைப் பார்த்துக்கொண்டு திரும்பாமல் இருந்தாள். ஆவுடை விடியலிலேயே கிளம்பி டவுனுக்குப் போயிருந்தான்.

பஸ் நிறுத்தத்துக்குப் போகிற வழியில்தான் களர்க்காடு. கால் தானாக வரப்பில் நின்றது. ஏசி ஏசிப் பழகிய இடம்.

வரப்போரம் பார்க்கச் சகிக்கவில்லை. ஓரமெல்லாம் உப்புப் பூத்திருந்தது. ரோட்டில் போகிற ஆடு ஒவ்வொன்றும் வாய் வைத்திருந்தது. புழுதி படிந்த அரைகுறைப் பயிர். இத்தனை வருஷமாக அவர் பார்த்தது இதைத்தான்.

வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு இறங்கினார்.

ஒரு எட்டு. இரண்டு. மூன்று. நாலு.

நின்றார்.

பயிர் உயரம் கம்மிதான். ஆனால் கழுத்து வரைக்கும் மணி. இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார், எல்லாம் அப்படியே. காட்டுக்குக் குறுக்கே கைவாய்க்கால் கிள்ளி, மழைத் தண்ணீரை நிறுத்தி நிறுத்தி உப்பை வெளியே வடிய விட்டிருந்தது. காலடியில் கண்மாய்க் கரம்பை, குளத்து வண்டல் மண். வண்டி இறங்காத காடு அது. கூடை கூடையாகத் தலையில் சுமந்துதான் கொட்டியிருக்க வேண்டும்.

அதற்கு அந்தப் பக்கம் அடுத்தவர்களின் களர். சுண்ணாம்பாய் வெளுத்துக் கிடந்தது. அதில் யாரும் விதைப்பதே இல்லை.

தாளை விலக்கிக்கொண்டு கொம்பையா வந்தான். கையில் பன்னருவாள். புது வேட்டியைப் பார்த்தான். தலையைக் குனிந்துகொண்டான்.

"பஸ்ஸு போயிருமேப்பா. அண்ணன் காத்துட்டு இருப்பான்."

பிச்சையா இன்னும் ஒரு எட்டு உள்ளே வைத்தார்.

"இன்னைக்கு ஏசலையா?"

பிச்சையா ஒரு கதிரை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்திருந்தார். அதை மெல்ல விட்டார். குனிந்து, வேட்டி முனையைப் பல்லில் கடித்து, ஒரே இழுப்பு. புதுத் துணி கிழிகிற சத்தத்தில் சோளத்தில் இருந்த குருவிகள் எழும்பின.

"யப்பா! என்ன பண்ணுதீய? பத்திரத்துக்கு எடுத்த வேட்டில்லா?"

கிழித்த நாடாவை அந்தக் கதிரின் கழுத்தில் சுற்றினார். புதுத் துணி விறைப்பில் முடிச்சு விழ மாட்டேன் என்றது. கொம்பையா அருவாளைக் கீழே போட்டுவிட்டு ஒரு முனையைப் பிடித்துக்கொண்டான்.

"எதுக்குப்பா இது?"

"விதைக்குத்தான்ல" என்றார் பிச்சையா.

*

ஞானசெல்வம் அக்கா இவ்வளவுதான் சொன்னாள். கஞ்சித் தூக்கைக் கழுவ எழுந்து போய்விட்டாள்.

இத்தனை நேரம் காது கொடுத்தவர்கள் எனக்காக ஒன்றே ஒன்று செய்யுங்கள். அடுத்த அறுப்பில் விதைக்குக் கதிர் எடுக்கப் போனால், வரப்போரத்தில் எடுத்துவிடாதீர்கள். நாலு எட்டு உள்ளே போங்கள்.